கஞ்சா வழக்கில் மேல்முறையீடு: உயர் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

கஞ்சாவோடு கையும் களவுமாகப் பிடிபட்டவரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது என்று செய்தி வந்தால் பலருக்கும் எரிச்சல் வருகிறது. போலீஸ் பிடிக்கிறது, கோர்ட் விடுகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். அதே டீக்கடையில் இன்னொரு பேச்சும் உண்டு: "ரொம்பப் பேசினா கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவாங்க." இரண்டையும் சொல்பவர்கள் ஒரே மக்கள்தான். இரண்டு கவலையிலும் நியாயம் இருக்கிறது. உண்மையான வியாபாரி தப்பக் கூடாது. பையில் பொட்டலத்தை வைத்துப் பொய் வழக்கு போடவும் முடியக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறிய மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் இருப்பது வழக்குக் கட்டிலுள்ள காகிதங்கள் மட்டுமே. அந்தக் காகிதங்களில் அது எதைத் தேடுகிறது என்று புரிந்துகொண்டால், பல தீர்ப்புகள் ஏன் அப்படி வந்தன என்பதும் புரியும்.

விளக்குவதற்கு ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்கிறேன். இரவு எட்டு மணி. காவல் ஆய்வாளருக்கு ரகசியத் தகவல் வருகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பைக்கில் இரண்டு இளைஞர்கள் வருகிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு சாக்குப்பை. போலீசைக் கண்டதும் பின்னால் இருந்தவர் குதித்து ஓடுகிறார், பிடிக்க வந்த காவலரைத் தள்ளிவிடுகிறார், கொஞ்ச தூரத்தில் மடக்கப்படுகிறார். பையில் 21 கிலோ கஞ்சா இருந்ததாகப் பறிமுதல் மகஜர் (பிடித்த இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு) சொல்கிறது. சிறப்பு நீதிமன்றம் இருவருக்கும் தலா பத்து ஆண்டு கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. ஓடியவருக்கு, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததற்காகத் தனித் தண்டனையும் உண்டு. இருவரும் மேல்முறையீடு செய்கிறார்கள்.

எடைதான் தலையெழுத்து

போதைப்பொருள் வழக்குகளுக்கான சட்டம் 1985-இல் வந்தது. என்.டி.பி.எஸ். சட்டம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். கையில் இருந்தது எவ்வளவு என்பதை வைத்துத்தான் இந்தச் சட்டம் தண்டனையை நிர்ணயிக்கிறது. கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தால் சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்து ஆண்டு, அதிகபட்சம் இருபது ஆண்டு. நடுவில் இருப்பதற்குப் பத்து ஆண்டு வரை தரலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும்.

நம் வழக்கில் எடை 21 கிலோ. எல்லையைத் தாண்டியது ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோ இல்லாவிட்டால் நீதிபதி இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ கொடுத்திருக்க முடியும். இருப்பதால் பத்துக்குக் கீழே இறங்க அவருக்கே அதிகாரம் இல்லை. ஆகவே மேல்முறையீட்டில் வழக்கறிஞர் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். சாக்கோடு சேர்த்து எடை போட்டார்களா? தராசு எங்கிருந்து வந்தது? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள்தான் என்கிறது சட்டம். நுனிகளோடு சேராமல் தனியாக இருக்கும் இலைகளும் விதைகளும் அதில் வராது. பையில் இருந்தது என்ன, அதில் எவ்வளவு நுனி என்பதை மகஜரும் ஆய்வக அறிக்கையும் சொல்ல வேண்டும்.

கலப்படப் பொருளின் எடையை எப்படிக் கணக்கிடுவது என்பதில் உச்ச நீதிமன்றமே நிலை மாறியிருக்கிறது. 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் பிடிபட்ட பொருள் நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் ஹெராயின் ஒன்றரை சதவீதம் அளவில்தான் இருந்தது. தூய ஹெராயின் சுமார் 60 கிராம்தான் என்று கணக்கிட்ட நீதிமன்றம், இது வணிக அளவு ஆகாது என்றது. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கலந்திருக்கும் மாவோ பொடியோ சேர்த்து மொத்த எடைதான் கணக்கு என்று தீர்ப்பளித்தது. தெருவில் விற்பனையாவது கலப்படச் சரக்குதான், ஆபத்தும் அதில்தான் என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். ஒரே அளவு சரக்கு, வழக்கு எந்த ஆண்டில் முடிவாகிறது என்பதைப் பொறுத்துப் பத்து ஆண்டு ஆகலாம், ஆகாமலும் போகலாம். கேட்கவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் சட்டம் இப்படித்தான் வளர்கிறது.

மேல்முறையீடு என்றால் மறுவிசாரணை அல்ல

சிறப்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னைக்கும், தென்மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளைக்கும். அங்கே சாட்சிகள் மறுபடி கூண்டில் ஏறுவதில்லை. அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) சொன்னது, குறுக்கு விசாரணையில் அவர் தடுமாறியது, மகஜரின் நேரம், ஆய்வக அறிக்கையின் தேதி எல்லாம் அச்சில் இருக்கின்றன. அவற்றை நீதிபதிகள் முழுமையாக மறுமதிப்பீடு செய்யலாம். சட்டக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை, சாட்சியத்தையும் எடைபோடலாம். தண்டனையை உறுதி செய்யலாம், குறைக்கலாம், விடுதலை செய்யலாம், அரிதாக மறுவிசாரணைக்கு அனுப்பலாம். மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்று சில குடும்பங்கள் பயப்படுகின்றன. தண்டனை பெற்றவரின் மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்கு அரசுத் தரப்பு தனியாக வர வேண்டும்.

கீழ் நீதிமன்றம் விடுதலை செய்து அரசு மேல்முறையீட்டுக்குப் போனால் தராசு வேறு மாதிரி நிற்கும். எல்லோருக்கும் இருக்கும் நிரபராதி என்ற அனுமானம் விடுதலைத் தீர்ப்பால் இன்னும் வலுப்பெறுகிறது என்று 2007-இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சாட்சியத்திலிருந்து நியாயமாக இரண்டு முடிவுகளுக்கு வர முடியும் என்றால், கீழ் நீதிமன்றத்தின் விடுதலையைக் கலைக்கக் கூடாது.

உயர் நீதிமன்றத்துக்கு மேல் உச்ச நீதிமன்றம். அங்கே போவது பெரும்பாலும் உரிமையாகக் கிடைப்பதில்லை. சிறப்பு அனுமதி கேட்டு, கிடைத்தால்தான் மேல்முறையீடு.

'வைத்திருந்தார்' என்பதை எப்படி நிரூபிப்பது?

பைக்கை ஓட்டியவர், "பை என்னுடையது அல்ல, லிஃப்ட் கேட்டு ஏறியவர் கொண்டுவந்தது" என்கிறார். பின்னால் இருந்தவர், "பை வண்டிக்காரருடையது, உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது" என்கிறார். இப்படி ஒருவரையொருவர் கைகாட்டுவது இவ்வகை வழக்குகளில் புதிதல்ல.

ஒரு பொருளை வைத்திருத்தல் என்பதற்கு இரண்டு அங்கங்கள் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது: பொருள் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிந்தே வைத்திருத்தல் என்று இதைச் சொல்லலாம். கட்டுப்பாடு என்றால் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. 2015-இல் முடிவான ராஜஸ்தானின் மோகன்லால் வழக்கு இதற்கு அருமையான உதாரணம். நீதிமன்ற மல்கானாவில், அதாவது வழக்குச் சொத்துகளை வைக்கும் அறையில், வைத்திருந்த அபின் திருடுபோனது. திருட்டு நடந்தபோது என்.டி.பி.எஸ். சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அது வந்தது 1985 நவம்பர் 14 அன்று. சட்டம் வந்த பிறகு, குற்றம்சாட்டப்பட்டவர் காட்டிய மறைவிடத்திலிருந்து அபின் மீட்கப்பட்டது. திருடியபோது இல்லாத சட்டத்தில் எப்படித் தண்டிக்கலாம் என்பது அவர் கேள்வி. கேள்வியில் கூர்மை இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் சொன்ன பதில்: திருடியது ஒரு நாள் செயல், வைத்திருப்பது தொடரும் செயல். சட்டம் வந்த பிறகும் அந்த அபின் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவர் நினைத்தால் எடுக்கலாம் என்ற நிலை நீடித்தது. ஆகவே அவர் அதை வைத்திருந்தார்.

வாகனங்களில் வரும் வழக்குகள் இதைவிடச் சிக்கலானவை. 2002-இல் பஞ்சாபின் அவதார் சிங் வழக்கில் லாரியின் பின்பக்கம் கசகசாச் செடித் தொலி மூட்டைகள் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் வைத்து மூட்டை அவருடையது என்று முடிவுகட்ட முடியாது, கூலியாகவோ வழியில் ஏறியவராகவோ இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. 2010-இல் தரம்பால் சிங் வழக்கில் காரின் டிக்கியில் அபின் இருந்தது. அது தனியார் கார், முன்பின் தெரியாதவர்கள் ஏறி இறங்கும் பேருந்து அல்ல. உள்ளே இருந்தவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள் என்று தண்டனை உறுதியானது. நம் பைக் இந்தக் காருக்குத்தான் நெருக்கம். இருவருக்கும் நடுவில், தொடையில் இடித்துக்கொண்டு இருந்த 21 கிலோ மூட்டையைப் பற்றித் தெரியாது என்று சொல்வதை நீதிபதிகள் எளிதில் ஏற்க மாட்டார்கள்.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் கடுமை தெரிகிறது. வழக்கமான குற்ற வழக்கில் குற்ற எண்ணத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 35, 54 பிரிவுகள் அதைத் தலைகீழாக்குகின்றன. பொருள் உங்களிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், குற்ற எண்ணம் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். இது அரசியல் சட்டத்துக்கு ஏற்றதா என்ற கேள்வி 2008-இல் நூர் ஆகா வழக்கில் எழுந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து அமிர்தசரஸ் விமான நிலையத்தில் வந்திறங்கியவரின் திராட்சைப் பெட்டியில் ஹெராயின் கிடைத்தது என்பது வழக்கு. பிரிவுகள் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் அனுமானம் தானாக வராது, அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் சந்தேகத்துக்கிடமின்றி நிறுவ வேண்டும், தண்டனை எவ்வளவு கடுமையோ நிரூபணமும் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பறிமுதல் செய்ததாகச் சொன்ன பொருளையே நீதிமன்றத்தில் ஒழுங்காகக் காட்ட முடியாத அந்த வழக்கில் அவர் விடுதலையானார்.

நடைமுறைப் பிழைக்காக விடுதலை என்று நாம் எரிச்சலோடு படிக்கும் தீர்ப்புகளின் வேர் இதுதான். நிரூபிக்கும் சுமையைக் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் வைக்கும் சட்டம், பதிலுக்குப் போலீசாரிடம் சில படிகளை ஒன்றுவிடாமல் ஏறச் சொல்கிறது. அந்தப் படிகளையும் எடுத்துவிட்டால், ஒரு ஆய்வாளரும் ஒரு பொட்டலமும் போதும், யாரையும் பத்து ஆண்டு உள்ளே வைக்கலாம். ஆகவே இவற்றைச் சட்டத்தின் ஓட்டை என்று அழைப்பதை நான் ஏற்பதில்லை.

சோதனையின் படிகள்

இந்தியாவில் பொதுவான விதி வேறு. சோதனை முறைகேடாக நடந்தாலும், கிடைத்த பொருள் சாட்சியமாக ஏற்கத்தக்கதே என்று 1974-இலேயே பூரண் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வருமான வரிச் சோதனை பற்றியது. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதற்கு முக்கியமான விலக்கு.

ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், "உங்களை ஒரு கெசட்டட் அதிகாரி முன்னிலையிலோ நீதித்துறை நடுவர் முன்னிலையிலோ சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு" என்று அவருக்குச் சொல்ல வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இதைச் சொல்லாமல் எடுத்த பொருளை மட்டுமே நம்பிக் கொடுத்த தண்டனை நிற்காது என்றது. ஏறக்குறையப் பின்பற்றினால் போதாதா என்ற கேள்வி பிறகு வந்தது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு, போதாது, அப்படியே பின்பற்ற வேண்டும் என்று முடித்துவைத்தது. 2014-இல் பர்மானந்த் வழக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ், ஒருவரே இருவருக்கும் கையெழுத்து. உரிமை தனித்தனியானது, தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். "இல்லையென்றால் நானே சோதிக்கட்டுமா?" என்று அதிகாரி மூன்றாவது வாய்ப்பு ஒன்றைச் சேர்த்ததும் தவறு என்றது.

ஆனால் நம் பைக் வழக்கில் இந்த வாதம் எடுபடாது. பிரிவு 50 உடல் சோதனைக்குத்தான். பை என்பது உடல் அல்ல என்று 2005-இல் பவன்குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். உடலையும் பையையும் சேர்த்துச் சோதித்து, சரக்கு பையில் மட்டும் கிடைத்தால் என்ன என்ற குழப்பம் பல ஆண்டு நீடித்தது. 2023-இல் ரஞ்சன் குமார் சத்தா வழக்கில் அதற்கும் அதே பதில்தான் வந்தது. பேன்ட் பாக்கெட்டில் இருந்த பொட்டலத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தோளில் தொங்கும் பைக்குக் கிடையாது. இந்தக் கோடு எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. ஒருவர் பாக்கெட்டில் பொட்டலம் வைப்பதைவிடப் பையில் வைப்பது எளிது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், மேல்முறையீட்டு வழக்கறிஞர் இதை அறிந்துதான் வாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் வழக்கில் பலமான வாதம் பிரிவு 42-இல் இருக்கிறது. ரகசியத் தகவல் வந்தால் அதிகாரி அதை எழுதிவைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் சோதிப்பதென்றால் அதற்கான காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். பொது இடத்தில் பிடித்தால் பிரிவு 43 போதும், இத்தனை பதிவு வேண்டாம். பைக் நின்றது நெடுஞ்சாலையில், அது பொது இடம்தானே? 2021-இல் பூட்டா சிங் வழக்கில் இதே கேள்வி வந்தது. பொதுச் சாலையில் நின்றாலும் தனியார் ஜீப் பொது வாகனம் ஆகாது, பிரிவு 42 பொருந்தும், அது பின்பற்றப்படவே இல்லை என்று விடுதலை கிடைத்தது. ஆகவே நம் ஆய்வாளர் தகவலை எப்போது எழுதினார், யாருக்கு அனுப்பினார் என்பதற்கான காகிதம் வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று உயர் நீதிமன்றம் தேடும். தாமதமாக அனுப்பி, காரணத்தை ஏற்கும்படி விளக்கினால் மன்னிக்கலாம், அறவே செய்யாமல் விட்டதை மன்னிக்க முடியாது என்பது 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் வகுத்த அளவுகோல். தகவலே இல்லாமல், வழக்கமான வாகனச் சோதனையில் தற்செயலாகப் பிடித்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

பையிலிருந்து ஆய்வகம் வரை

பிடித்த பொருளும் ஆய்வகத்தில் சோதித்த பொருளும் ஒன்றுதானா? 2016-இல் மத்திய அரசு எதிர் மோகன்லால் வழக்கில் (ராஜஸ்தான் வழக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) உச்ச நீதிமன்றம், மாதிரி எடுப்பது நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே எடுக்கச் சட்டம் சொல்லவில்லை என்றது. பிரிவு 52ஏ-யின் பொருள் அதுதான். பிடித்த இடத்திலேயே மாதிரி எடுத்து, அரக்கு முத்திரையிட்டு அனுப்பிய வழக்குகள் இதனால் ஆட்டம் கண்டன. 2023-இல் சிம்ரன்ஜித் சிங் வழக்கில் இந்தக் காரணத்தில் விடுதலையே கிடைத்தது.

அதன்பின் காற்று கொஞ்சம் திரும்பியது. 2025 ஜனவரியில் பாரத் ஆம்பாலே வழக்கில், 52ஏ-யைப் பின்பற்றாதது மட்டுமே ஒரு வழக்கைக் கொன்றுவிடாது, மற்ற சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டனை நிற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆக இன்று மேல்முறையீட்டில் 52ஏ என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பிழையால் எந்தச் சந்தேகம் பிறந்தது என்று காட்ட வேண்டும்: முத்திரை யாரிடம் இருந்தது, பொருள் எத்தனை நாள் நிலையத்தில் கிடந்தது, ஆய்வகத்துக்குப் போன எடையும் மகஜரின் எடையும் ஒத்துப்போகின்றனவா.

சுயேச்சையான சாட்சிகள் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரோ கடைக்காரரோ பிறழ் சாட்சியாகிவிட்டால் வழக்கு தோற்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. காவலர்களின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை வைத்தே தண்டிக்கலாம் என்று 2020-இல் ரிஸ்வான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது.

வாக்குமூலம் பற்றிய பெரிய தீர்ப்பு சென்னையில் பிறந்த வழக்கிலிருந்து வந்தது. போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரிகள் பிரிவு 67-இன் கீழ் எழுதி வாங்கும் வாக்குமூலம் வெகுகாலம் ஒப்புதல் வாக்குமூலமாகவே பயன்பட்டது. அவர்கள் போலீசார் அல்ல என்பது வாதம். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்ற விதி அவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. நீதிபதி ரோஹிண்டன் நாரிமனும் நீதிபதி நவீன் சின்ஹாவும் அந்த அதிகாரிகளும் போலீசாரே என்றார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கும் வழி அடைபட்டது.

ஓடியதும் தள்ளியதும்

இனி பின்னால் இருந்தவரின் இரண்டாவது தண்டனை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு செய்வது பழைய 186, இப்போது 221. அதிகபட்சம் மூன்று மாதம். அவர்மேல் கைவைத்தோ வன்முறை காட்டியோ தடுப்பது பழைய 353, இப்போது 132. இரண்டு ஆண்டு வரை. தன்னைச் சட்டப்படி கைது செய்வதை எதிர்ப்பது பழைய 224, இப்போது 262. அதற்கும் இரண்டு ஆண்டு வரை.

ஓடியது மட்டும் 132-இல் வராது. அங்கே தாக்குதலோ பலப்பிரயோகமோ வேண்டும். உரக்க வாதாடுவதும் பலப்பிரயோகம் ஆகாது. பெங்களூரு போக்குவரத்துப் போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் கோபமாக எழுதியதற்காக 353-இல் போட்ட வழக்கை 2015-இல் மாணிக் தனேஜா தீர்ப்பு ரத்து செய்தது இந்தக் காரணத்தால்தான். நம் வழக்கில் காவலரைத் தள்ளியது நிரூபணமானால் அது 132-இல் வரும். 186-க்கு ஒரு தடையும் உண்டு. சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவர் மேலதிகாரியோ எழுத்தில் புகார் தந்தால்தான் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள முடியும், முதல் தகவல் அறிக்கை போதாது. மேல்முறையீட்டில் 186 இதனால் விழலாம். அது விழுந்தாலும் 353 தனிக் குற்றமாக நிற்கும் என்று 1966-இலேயே துர்காசரண் நாயக் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

ஓடியதே குற்றத்துக்குச் சாட்சி இல்லையா? சாட்சியச் சட்டப்படி ஒருவரின் நடத்தை ஒரு துணைச் சான்று, அவ்வளவுதான். நிரபராதியும் போலீசைக் கண்டு பதறி ஓடலாம் என்று 1971-இல் மாத்ரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த நாட்டில் வாழும் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கைது சட்டவிரோதம் என்றால் எதிர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிவு 262 சட்டப்படியான கைதைத்தான் சொல்கிறது. கைது சட்டப்படியானது இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டு மேல்முறையீட்டில் நிற்காமல் போகலாம். ஆனால் இதை நம்பித் தெருவில் கைகலக்கக் கூடாது. அதிகாரி நல்லெண்ணத்தோடு பதவியின் பேரில் செய்கிற செயல், சட்டப்படி முழுக்கச் சரியில்லை என்றாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதவரை அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. அந்தக் கைது செல்லுமா என்று கேட்க வேண்டிய இடம் நடுவர் முன்னிலை. கைதுக்கான காரணத்தைச் சொல்லாமல் செய்த கைது அரசியல் சட்டத்தின் 22-ஆவது கூறுக்கு விரோதம், செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

போலீஸ் பலத்துக்கும் எல்லை உண்டு. கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையானதைச் செய்யலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்கும் உரிமை அதில் இல்லை. 'தப்பியோடும்போது தவறி விழுந்து கை முறிந்தது' என்று ஆவணத்தில் இருந்தால், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், நமக்கெல்லாம் தெரிந்த அந்த ஏ.ஆர். காப்பி, மேல்முறையீட்டில் பெரிய சாட்சி. காயத்தின் நேரமும் மகஜரின் நேரமும் முட்டிக்கொண்டால், தள்ளியதாகச் சொன்ன காவலரின் பேச்சிலும் பறிமுதல் கதையிலும் சேர்ந்தே சந்தேகம் விழும். இரண்டு குற்றச்சாட்டும் தனித்தனி என்றாலும், சாட்சி சொல்பவர் ஒருவர்தான்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது

தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விடக் கேட்கலாம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் பிரிவு 32ஏ இதைத் தடுத்தது. 2000-இல் தாது வழக்கில், நீதிமன்றத்தின் அந்த அதிகாரத்தைப் பறிக்கும் பகுதி மட்டும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆனாலும் வணிக அளவு வழக்கில் பிரிவு 37-இன் இரட்டை நிபந்தனையைத் தாண்ட வேண்டும்: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். ஆகவே பலர் மேல்முறையீடு முடியும்வரை உள்ளேயேதான் இருக்கிறார்கள். கடைசியில் விடுதலை கிடைத்தால் அந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. விரைவான விசாரணைக்காக நாம் குரல் கொடுக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யக் காலக்கெடு 60 நாள். தீர்ப்பு நகல் பெற எடுத்த நாட்கள் அதில் சேராது, தாமதமானாலும் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். சிறையில் இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனுவை அனுப்பலாம். காவலில் இருப்பவர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. சந்திக்கும் முதல் நாளிலேயே அவரிடம் தீர்ப்பு நகலோடு பறிமுதல் மகஜர், தகவலைப் பதிவு செய்த குறிப்பு, ஆய்வக அறிக்கை, கைதானபோது எடுத்த ஏ.ஆர். காப்பி ஆகியவற்றின் நகல்களையும் கொடுத்துவிட வேண்டும். கையில் இல்லாதவற்றுக்குச் சிறப்பு நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம்.